வில்வண்டி முதல் குவாட் பைக் வரை: அதிர்வுத்தாங்கியைச் சீரமைத்த வரலாறு

அதிர்வுத்தாங்கி என்பது வண்டியின் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே நின்று, மேடுபள்ளங்களால் எழும் ஆட்டத்தை அடக்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஷாக் அப்சார்பர் என்றும், பட்டறைகளில் சுருக்கமாக ஷாக் என்றும் வழங்கும். இந்தப் பெயரே சற்றுத் தவறானது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது வில்தான். அமுங்கிய வில் மீண்டும் மீண்டும் துள்ளாதபடி பிடித்து நிறுத்துவதே ஷாக் செய்யும் வேலை. சுமையைத் தாங்குவது ஒரு வேலை, ஆட்டத்தைத் தணிப்பது வேறொரு வேலை. இவ்விரண்டும் தனித்தனி உறுப்புகளுக்குப் பிரிந்த பிறகே, தரைக்கு ஏற்றபடி வண்டியைத் 'திருகி' மாற்றிக்கொள்ளும் வசதி பிறந்தது. விளையாட்டுக்கான நான்கு சக்கர குவாட் பைக்கில் அந்த வசதி மிக விரிவாக அமைந்திருக்கிறது.

ஏலாக்குறிச்சியும் பல்லக்கும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர் ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி இது. அவர் பல்லக்கில் பயணம் செய்தார் என்று அவரைப் பற்றிய பழைய வரலாறுகள் கூறுகின்றன. அது வீண் ஆடம்பரம் போலத் தோன்றலாம். ஆனால் ஆற்று மணல், வயல் வரப்பு, மழையில் குழையும் மண் ஆகியவற்றைக் கடக்க வேண்டிய அக்காலத்தில் பல்லக்குக்கு ஒரு தனித் தகுதி இருந்தது.

பல்லக்கின் மூங்கில் தண்டு வளைந்து கொடுக்கும். அதுவே வில். சுமப்பவர்களின் தோளும் முழங்காலும் தணிப்பான்கள். மணலில் அடியைச் சுருக்கி வைப்பது, வழுக்குத் தரையில் நடையைத் தளர்த்துவது, எல்லாரும் ஒரே காலில் ஊன்றாமல் மாற்றி ஊன்றுவது என்று தரைக்கு ஏற்றபடி ஓயாமல் தம்மைச் சீரமைத்துக்கொண்டது மனித உடல்தான். உள்ளே இருப்பவரின் சுகத்துக்கு விலை கொடுத்தவர்கள் வெளியே இருந்தவர்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

இந்த வட்டாரத்து நிலத்தை மனத்தில் வைத்துக்கொள்வது பின்னால் வரும் செய்திகளுக்கு உதவும். தெற்கே கொள்ளிடத்தின் ஆழமான மணல், வடக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் பருத்தி விளையும் கரிசல் மண், சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல் பூமியின் கெட்டித் தரை என மூன்று விதமான தரைகள் சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

வில்வண்டி

சாதாரண மாட்டுவண்டியில் வில் கிடையாது. இரும்புப் பட்டை மாட்டிய மரச் சக்கரம், அச்சு, அதன்மேல் நேராக வண்டியின் சட்டம். கல்லில் ஏறினால் அடி முழுவதும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் மாட்டின் கழுத்துக்கும் போய்ச் சேரும்.

வில் எவ்வளவு இழுபடுமோ அவ்வளவே அதன் எதிர்விசையும் இருக்கும் என்ற விதியை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். பள்ளி இயற்பியல் நூலில் இன்றும் உள்ள ஹூக் விதி இதுவே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர், பல எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாக வளைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் வந்த குதிரை வண்டிகள் எடை குறைந்து, வேகம் கூடின. இந்தப் பட்டைவில் நம் நாட்டு மாட்டுவண்டியில் பொருத்தப்பட்டபோது அது வில்வண்டி ஆயிற்று. காவிரிக் கரையின் வசதியான வீடுகளில் கூண்டு போட்ட வில்வண்டி குடும்பத்தின் மதிப்பைக் காட்டும் பொருளாக இருந்தது.

அந்த மதிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 1893ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. திருவிதாங்கூரில் புலையர்கள் நடக்கவே தடை செய்யப்பட்டிருந்த பொதுச் சாலையில், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி வில்வண்டி ஒன்றில் ஏறி, காளைகளைப் பூட்டி ஓட்டிச் சென்றார். கேரள வரலாற்றில் அது வில்லுவண்டிப் பயணம் என்றே பெயர் பெற்றது. அவர் வெறும் கட்டைவண்டியைத் தேர்ந்திருந்தால் அந்தச் செயலின் அழுத்தம் பாதியாகக் குறைந்திருக்கும்.

பட்டைவில்லுக்கு ஒரு மறைமுகமான சிறப்பு உண்டு. அமுங்கும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் துள்ளல் ஓரளவு தானாகவே தணியும். அதாவது தாங்குவதும் தணிப்பதும் ஒரே உறுப்பில் நடக்கின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் இன்றும் இந்த அமைப்பில்தான் ஓடுகின்றன. குறையும் அதிலேயே இருக்கிறது. பாரம் கூடினால் பட்டறையில் கட்டைப் பிரித்து இன்னொரு பட்டை சேர்க்க வேண்டும். காலையில் ஒரு விதம், மாலையில் ஒரு விதம் என்று மாற்றிக்கொள்ள இயலாது.

தணிப்பான் தனியே பிரிந்தது

மோட்டார் வண்டிகளின் வேகம் கூடியதும் பட்டைகளின் உராய்வு போதவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ட்ரூஃபோ என்பவரும் அவரிடமிருந்து உரிமை பெற்ற அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்டும் உராய்வுத் தணிப்பானைப் பரப்பினர். கத்தரிக்கோல் போன்ற இரு கைகள், அவை சேரும் இடத்தில் தட்டுகள், நடுவில் ஒரு மரை. மரையை இறுக்கினால் தணிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். ஓட்டுபவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிந்த தொடக்ககாலத் தணிப்பான்களில் இது முக்கியமானது.

ஆனால் உராய்வின் இயல்பு தலைகீழானது. அசையத் தொடங்கும் கணத்தில் அது மிக அதிகம், அசைந்த பின் குறைவு. எனவே சிறு கல்லுக்கு இந்தத் தணிப்பான் விறைத்து நிற்கும், பெரும் பள்ளத்தில் கைவிடும். இதற்கு விடை எண்ணெய். உருளைக்குள் எண்ணெயை நிரப்பி, சிறு துளை உள்ள உந்துதண்டை அதற்குள் நகர்த்தினால், மெல்ல நகரும்போது தடை குறைவாகவும் வேகமாக நகரும்போது தடை அதிகமாகவும் இருக்கும். பிரான்சின் மோரிஸ் ஊதாய் இவ்வழியில் செய்த நெம்புகோல் வகைத் தணிப்பான்கள் 1928இன் ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் இடம்பெற்றதால் சாதாரண மக்களின் காருக்கும் எண்ணெய்த் தணிப்பான் வந்து சேர்ந்தது. 1930களில் ரோல்ஸ்ராய்ஸ் காரில் ஸ்டீயரிங் அருகிலேயே ஒரு சிறு கைப்பிடியை நகர்த்தித் தணிப்பைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது.

எண்ணெய்க்கும் ஓர் எதிரி உண்டு. அது வெப்பம். தணிப்பான் அடக்கும் துள்ளல் எங்கும் மறைந்துவிடுவதில்லை, சூடாக மாறுகிறது. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போகும். உள்ளே காற்று கலந்தால் நுரைக்கும், நுரைக்குத் தடை ஏது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன், எண்ணெயை மிதக்கும் தடுப்பு ஒன்றால் பிரித்து, மறுபுறம் அழுத்தமான வாயுவை அடைக்கும் ஒற்றைக் குழாய் அமைப்பை உருவாக்கினார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் அதை 1950களில் கார்களுக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவாட் பைக்கின் ஷாக்கில் நைட்ரஜன் அடைப்பதன் மூலம் இதுதான்.

திருவொற்றியூர் புல்லட்

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் ஒரு கட்டம் திருவொற்றியூரில் நிகழ்ந்தது. 1940கள் வரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தது. ஓட்டுபவருக்கு இருக்கைக்குக் கீழே இருந்த சுருள்களே துணை. 1949இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட புல்லட், பின் சக்கரத்தை ஊஞ்சல் போல ஆடும் கையில் மாட்டி, இருபுறமும் எண்ணெய்த் தணிப்பான்களைப் பொருத்தியிருந்தது. இந்திய இராணுவம் எல்லைப் பணிக்கு அதைத் தேர்ந்தது. 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு முயற்சியால் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது.

இன்று தெருவில் நிற்கும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின் ஷாக்கில் படிப்படியாக வெட்டப்பட்ட வளையம் ஒன்று இருக்கும். கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பினால் வில் சற்று முன்கூட்டியே அமுங்கும். இருவர் ஏறும்போது மேல் படி, ஒருவர் என்றால் கீழ்ப் படி. பலர் வண்டி வாங்கிய நாள் முதல் அந்த வளையத்தைத் தொட்டதே இல்லை.

கரடுமுரடான தரையில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயம் இதை இன்னும் முன்னே தள்ளியது. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் தில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா ஏற்றுக்கொண்டது. 1973இல் சுவீடனின் ஹாகன் ஆண்டர்சன் அதனோடு 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம் ஒரு சாணைத் தாண்டி வளர்ந்தது. 1976இல் சுவீடனில் கென்ட் ஊலின்ஸ் தொடங்கிய நிறுவனம் போன்றவை, வெளியிலிருந்தே திருகக்கூடிய ஷாக்குகளைப் பந்தயக்காரர்களுக்குச் செய்து கொடுத்தன.

டயரே வில்லானபோது

1970இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய யு.எஸ். 90 என்னும் மூன்று சக்கர வண்டியே இன்றைய ஏ.டி.வி. வண்டிகளின் முன்னோடி. வடிவமைத்தவர் ஒசாமு தக்கேயூச்சி. வியப்பான செய்தி, அதில் ஷாக்கும் இல்லை, வில்லும் இல்லை. காற்றழுத்தம் மிகக் குறைந்த பலூன் போன்ற டயர்களே முழு வேலையையும் செய்தன. நம் ஊர்களில் கட்டைவண்டிக்குப் பதிலாக வந்த டயர் வண்டியும் இதே வழியில் சென்றதுதான். பட்டைவில் வாங்க முடியாத விவசாயிக்கு ரப்பர் டயரே வில்லாயிற்று, மாட்டின் கழுத்தும் பிழைத்தது.

மாட்டின் நடை வேகத்துக்கு டயர் போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதாது. காற்றடைத்த பந்து துள்ளுவது போல டயரும் துள்ளும், அதைத் தணிக்க எதுவும் இல்லை. ஹோண்டா 1981இல் கொண்டுவந்த ஏ.டி.சி. 250 ஆர் வண்டியில் முன்னும் பின்னும் ஷாக் வந்தது, வேகமும் வந்தது. மூன்று சக்கரம் திருப்பத்தில் எளிதில் கவிழும் என்ற அடிப்படைக் குறை மட்டும் மாறவில்லை. இறந்தவர்களிலும் காயமுற்றவர்களிலும் சிறுவர் பலர். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடுத்த வழக்கின் முடிவில், 1988இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி நிறுவனங்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தின. 16 வயதுக்குட்பட்டவர்க்குப் பெரிய எஞ்சின் வண்டி கூடாது என்ற வரம்பும் ஏற்பட்டது.

அதற்குள் நான்கு சக்கர வண்டி வந்துவிட்டிருந்தது. சுசுகியின் 1985ஆம் ஆண்டு எல்.டி. 250 ஆர் குவாட்ரேசர் பந்தயத்துக்கென்றே பிறந்தது. பின்னர் யமஹா ஒய்.எஃப்.இசட். 450, ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 450 ஆர் முதலியவை வந்தன. இவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி ஷாக். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே திட அச்சில், ஒரே ஷாக்கின் கீழ். ஆக மூன்று ஷாக். முன்னால் ஏறத்தாழ 25 செ.மீ., பின்னால் 28 செ.மீ. அளவுக்குச் சக்கரம் நகரும். காரின் பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் இதில் இல்லாததால் திருப்பத்தில் பின் சக்கரங்கள் சறுக்கியே ஆக வேண்டும். எனவே ஷாக் தவறாக அமைந்தால் அது வெறும் முதுகுவலியோடு நிற்காது.

மூன்று திருகுகள், மூன்று தரைகள்

முதலாவது ப்ரீலோட் எனப்படும் முன்னழுத்தம். சுருள்வில்லின் மேலுள்ள மரையை இறக்கினால் வண்டி உயரும், ஏற்றினால் தாழும். இதை இறுக்கினால் வில் கெட்டியாகிவிடும் என்று நினைப்பவர் பலர். அது பிழை. வில்லின் கெட்டித்தன்மை அதன் கம்பியின் கனத்தையும் சுற்றுகளையும் பொறுத்தது, மரையால் மாறாது. மாறுவது வண்டியின் நிற்கும் உயரம் மட்டுமே. சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி ஓர் அளவு, ஓட்டுபவர் தலைக்கவசம், காலணி எல்லாம் அணிந்து அமர்ந்த பின் ஓர் அளவு எடுக்க வேண்டும். இரண்டின் வேறுபாடு தொய்வு எனப்படும். மொத்த நகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொய்வு என்பது பொதுவான தொடக்கம். 28 செ.மீ. நகரும் பின் சக்கரத்துக்கு இது 9 செ.மீ. அளவில் வரும். சக்கரம் மேட்டில் ஏற இடம் வேண்டுவது போலவே பள்ளத்தில் இறங்கவும் இடம் வேண்டும், அதற்காகவே இந்தத் தொய்வு. மரையை எவ்வளவு திருகியும் அளவு சரிவரவில்லை என்றால் வில்லையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது அமுங்கு தணிப்பு, அதாவது கம்ப்ரஷன். உயர்ந்த வகை ஷாக்குகளில் இதற்கு வேகமான அமுக்கத்துக்கு ஒன்று, மெதுவான அமுக்கத்துக்கு ஒன்று என இரு திருகுகள் உண்டு. இங்கே வேகம் என்பது உந்துதண்டின் வேகம், வண்டியின் வேகம் அன்று. மெதுவாகச் செல்லும் வண்டி ஒரு கூரிய கல்லில் மோதினாலும் தண்டு வேகமாகவே நகரும். வேகமாகச் செல்லும் வண்டி திருப்பத்தில் சாயும்போது தண்டு மெதுவாக நகரும்.

மூன்றாவது மீள் தணிப்பு, அதாவது ரீபவுண்ட். மூன்றில் மிகவும் ஆபத்தானது இதுதான். தணிப்பு குறைந்தால் அமுங்கிய வில் வண்டியின் பின்புறத்தை உதைத்துத் தூக்கி, ஓட்டுபவரைக் கைப்பிடிக்கு மேலே வீசும். தணிப்பு மிகுந்தால் வேறு சிக்கல். வரிசையாக மேடுகள் வரும்போது, ஒன்றிலிருந்து சக்கரம் மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஷாக் படிப்படியாகத் தாழ்ந்து, நான்காவது ஐந்தாவது மேட்டில் அடியோடு முட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் 'வில் கெட்டி' என்று எண்ணி இன்னும் தவறான திருகைத் திருகுவது அடிக்கடி நடக்கிறது.

இனி ஏலாக்குறிச்சியைச் சுற்றியுள்ள மூன்று தரைகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆற்றுப் படுகையில் வண்டி ஓட்டச் சொல்வதாக இதைக் கொள்ள வேண்டாம், விளக்கத்துக்காக மட்டுமே.

கொள்ளிடத்து மணல் போன்ற தரையில் முன் சக்கரம் புதையும், வண்டி அலைமேல் படகு போல மெதுவாக, நீளமாக ஆடும். அமுங்கு தணிப்பைக் கூட்டி, முன்புறம் தாழாமல் வைக்க வேண்டும். மணல் மென்மையானது, ஆகவே ஷாக்கும் மென்மையாக இருக்கட்டும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் பலன் எதிர்மாறாக இருக்கும்.

கெட்டித் தரையில் சிதறிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேல் நேர் எதிர். அடிகள் சிறியவை, கூரியவை. வேகமான அமுக்கத்துக்கான தணிப்பைத் தளர்த்தினால் சக்கரம் கல்லின்மேல் ஏறி இறங்கித் தரையை விடாமல் போகும். இறுக்கினால் சக்கரம் கல்லிலிருந்து துள்ளி, அந்தரத்தில் இருக்கும் கணத்தில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயனற்றுப்போகும். சொகுசுக்காகத் தளர்த்துவதன்று, பிடிமானத்துக்காகத் தளர்த்துவது.

மழையில் குழைந்த கரிசல்தான் எல்லாரையும் ஏமாற்றும் தரை. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும், சக்கரத்தில் அப்பிக்கொண்டு இரண்டு மடங்காகப் பெருத்துவிடும். குவாட் பைக்கிலும் டயர், மட்கார்டு, அடிச்சட்டம் எங்கும் சேறு அப்பி வண்டியின் எடை கூடுகிறது. ஷாக்கின் கண்ணுக்கு அது இன்னோர் ஆள் ஏறியது போல. ஆகவே சேற்றுக்கு முன்னழுத்தத்தையும் தணிப்பையும் சிறிது கூட்ட வேண்டும் என்று பந்தய மோட்டார் சைக்கிள் கையேடுகளே சொல்கின்றன.

திருகும் முறைக்கு ஒரு பழைய பட்டறை ஒழுக்கம் உண்டு. திருகை முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என எண்ணி, ஒரு தாளில் எழுதிய பிறகே தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டும், ஒன்றிரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையில் சரியாக இருந்தது நண்பகல் வெயிலில் தளர்ந்து தெரிந்தால் காரணம் எண்ணெயின் சூடு. சித்திரை வெயிலில் இதை மறந்தால் மீள் தணிப்பு குறைந்து, வண்டி உதைக்கத் தொடங்கும்.

பந்தயத்திலும் கல்லூரியிலும்

தக்கார் பாலைவனப் பந்தயத்தில் குவாட் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு 2009இல், பந்தயம் தென் அமெரிக்காவுக்கு மாறிய ஆண்டில் வந்தது. அர்ஜென்டினாவின் பத்ரோனெல்லி சகோதரர்கள் அதில் பலமுறை வென்றனர். பந்தயம் 2020இல் சவூதி அரேபியாவுக்குச் சென்றது. பங்கேற்போர் குறைந்த நிலையில் 2025 முதல் குவாட் பிரிவு கைவிடப்பட்டது. ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ். நிறுவனம் இப்பந்தயத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவில் 2015 முதல் ஷெர்கோவுடன் இணைந்து இறங்கியது. அந்த அணியின் கேரள வீரர் ஹரித் நோவா 2024இல் ராலி 2 வகுப்பில் முதலிடம் பெற்றார். ஒரே நாளில் மணல்மேடும் கல்தரையும் மாறி மாறி வரும் அப்பந்தயத்தில் எந்தத் தரைக்கும் முழுமையாகப் பொருந்தாத, எதிலும் கைவிடாத ஓர் இடைநிலை அமைப்பையே அணிகள் தேடுகின்றன.

நம் மாணவர்களுக்கு நெருக்கமானது பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய மாணவர் போட்டியின் இந்திய வடிவம் 2007 முதல் நடக்கிறது. தமிழகப் பொறியியல் கல்லூரி அணிகளும் ஓராள் அமரும் நான்கு சக்கர வண்டியைத் தாமே வடிவமைத்து, பற்றவைத்து, ஷாக் பொருத்திக் கொண்டுபோகின்றன. எஞ்சின் எல்லாருக்கும் ஒரே வகை என்பதால், வெற்றி தோல்வியில் சக்கரம் தரையைப் பிடிக்கும் திறனுக்குப் பெரும் பங்கு உண்டு.

மாமல்லபுரச் சாலையிலும் மலைவாசத் தலங்களிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் குவாட் வண்டிகள் பெரும்பாலும் எளிய வகை. அவற்றின் ஷாக்கில் எண்ணெய்த் திருகுகள் இருப்பதில்லை, முன்னழுத்த வளையம் மட்டும் இருக்கும். 40 கிலோ எடையுள்ள பள்ளி மாணவர் இறங்கி, 90 கிலோ எடையுள்ளவர் ஏறும்போது அந்த வளையத்தைத் திருப்பச் சில நிமிடங்கள் போதும். ஏறுவதற்கு முன் கொக்கி ஸ்பேனர் இருக்கிறதா என்று வண்டிக்காரரைக் கேட்கலாம்.